ராக்கில் ஏற்றிய நெட்வொர்க் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

"பெட்டி பழுது, வேறு அனுப்புங்கள்" என்று ஸ்டோருக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் ஏற்றிய ஸ்விட்ச்சுகளில் பெட்டியே பழுதாக வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் நம் பையில் இருந்து போன சாமான்தான்: ஒழுங்காகக் கிரிம்ப் ஆகாத லக் (வயர் நுனியில் மாட்டும் உலோகத் துண்டு), அழுக்கு பேட்ச் கார்டு (இணைக்கும் ஃபைபர் துண்டு), இடம் மாறிய மாட்யூல் (போர்ட்டில் செருகி ஒளியை அனுப்பி வாங்குவது).

இங்கே பேசப்போவது டவர் ஷெல்டரிலோ சிறிய எக்ஸ்சேஞ்சிலோ ஏறும் வகை ஸ்விட்ச். மைனஸ் 48 வோல்ட் டிசி, ஏ, பி என்று இரண்டு பவர் ஃபீடு, மேலே போக 10 ஜி ஃபைபர் அப்லிங்க் இரண்டு, கீழே 1 ஜி போர்ட்டுகள். அலுவலக மாடியில் உள்ள 230 வோல்ட் பெட்டிக்கும் பவர் பகுதியைத் தவிர மற்றது எல்லாம் பொருந்தும். கட்டளைகளின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பேட்ச் கார்டையும் மாட்யூலையும் சேர்த்து மாற்றி லிங்க் வந்துவிட்டால் எது கெட்டது என்று தெரியாது. கெட்டது திரும்பப் பைக்குள் போய், அடுத்த சைட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஒரு விளக்குகூட எரியவில்லை

மல்டிமீட்டரை எடுங்கள். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். யார் எந்த ரோலில் மிச்சம் இருந்ததை வெட்டிப் போட்டார்களோ! கறுப்பு முனையை எர்த் பாரில் வைத்து, சிவப்பு முனையால் ஸ்விட்ச்சின் மைனஸ் டெர்மினலைத் தொடுங்கள். ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பெட்டி) ஓடிக்கொண்டிருந்தால் மைனஸ் 54 வோல்ட் அளவில் காட்டும். 24 செல் பேட்டரி பேங்க்குக்கு, செல்லுக்கு 2.25 வோல்ட் என்று ஃப்ளோட் சார்ஜ் போகும் கணக்கு அது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால் 48-ஐ ஒட்டியும், பேட்டரி தீரும் தறுவாயில் 44-க்குக் கீழும் இருக்கும். பெரும்பாலான ஸ்விட்ச்சுகள் 40 வோல்ட் வரை தாங்கும்.

மீட்டரில் மைனஸ் குறி வராமல் வெறும் 54 என்று வந்தாலோ, ரிட்டர்ன் (பாசிட்டிவ்) டெர்மினலில் 54-உம் மைனஸ் டெர்மினலில் பூஜ்யமும் வந்தாலோ ஏதோ ஒன்று தலைகீழ். டெலிகாமில் பாசிட்டிவ்தான் எர்த்தோடு சேர்ந்திருக்கும். மண்ணுக்குள் போகும் செம்புக் கம்பி ஈரத்தில் அரித்துப்போகாமல் இருக்க லேண்ட்லைன் காலத்திலேயே செய்த ஏற்பாடு, அப்படியே நிலைத்துவிட்டது. கார், இன்வெர்ட்டர் வேலை பார்த்துப் பழகியவர்கள் முதல் தடவை இங்கேதான் தடுமாறுவார்கள். பல பவர் யூனிட்டுகளில் போலாரிட்டி மாறினால் காக்கும் பாதுகாப்பு உண்டு. மாற்றிக் கொடுத்தால் ஓடாது, எரிந்தும் போகாது. எல்லாப் பெட்டியிலும் அது இருக்கும் என்று பந்தயம் கட்டாதீர்கள்.

டெர்மினலில் வோல்டேஜே இல்லையென்றால் பின்னோக்கி நடங்கள்: எம்சிபி (சர்க்யூட் பிரேக்கர்) ஆனில் இருக்கிறதா, எம்சிபியின் வெளிமுனையில் வருகிறதா, லக்குக்குள் இன்சுலேஷன் மாட்டிக்கொண்டு கம்பி தொடாமல் இருக்கிறதா? இந்தக் கடைசி விஷயம் கண்ணுக்குத் தெரியாது. லக்கைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அப்போதே வந்தது நல்லது.

ஏ, பி இரண்டு ஃபீடையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஏ-வை அணைத்தால் பி-யில் ஓட வேண்டும், பி-யை அணைத்தால் ஏ-யில் ஓட வேண்டும். இரண்டு வயரும் ஒரே எம்சிபியில் போய்ச் சேர்ந்திருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். விளக்கு இரண்டும் பச்சையாக எரியும், ரிப்போர்ட்டில் டிக் விழுந்துவிடும். அந்த எம்சிபி ட்ரிப் ஆகும் நாளில்தான் கதை வெளியே வரும்.

எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது

மின்விசிறி முழு வேகத்தில் இரையும், விளக்குகள் எரியும், ஒரு நிமிடத்தில் எல்லாம் அணைந்து மறுபடி முதலில் இருந்து. இதைப் பார்த்ததும் சாஃப்ட்வேர் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கன்சோல் கேபிளில் லேப்டாப்பை இணைத்து, எதனால் ரீஸ்டார்ட் ஆனது என்று ஸ்விட்ச் சொல்வதைப் படியுங்கள். கிராஷ் என்றால் சாஃப்ட்வேர் பக்கம் போகலாம். பவர் ஆன் என்று மட்டும் இருந்தால் கரண்ட் பக்கம் திரும்புங்கள்.

ஒரு மழைக்காலத்தில் ஒரு ஷெல்டரில் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ஸ்விட்ச்சின் பவர் பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் 53.6 வோல்ட், அழகாக நிற்கிறது. பிளக்கைச் செருகினால் பெட்டி ஒரு நிமிடத்துக்குமேல் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் போன பிறகுதான் ஓடும்போது அளக்கத் தோன்றியது. மின்விசிறி வேகம் எடுக்கும் நேரத்தில் 40-க்குக் கீழே சரிந்தது. காரணம், கிரிம்ப் கருவி இல்லாமல் குறடால் நசுக்கிய லக்.

மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமில்லாதது, அதனால் லோடு இல்லாமல் அளந்தால் தளர்ந்த இணைப்பும் நல்ல பிள்ளையாகத் தெரியும். ஸ்விட்ச் இழுக்கும் கரண்ட் அப்படியல்ல. 300 வாட் பெட்டி 48 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். வோல்டேஜ் குறைந்தால் அதே வாட்டை எடுக்க இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், அதனால் வோல்டேஜ் இன்னும் குறையும். கடைசியில் பெட்டி படுத்துவிடும்.

எந்த இடத்தில் வோல்டேஜ் தொலைகிறது என்று பிடிக்க எளிய வழி: ஸ்விட்ச் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை எம்சிபி வெளிமுனையிலும் மறுமுனையை அதே வயரின் ஸ்விட்ச் பக்க டெர்மினலிலும் வையுங்கள். ஒரே வயரின் இரண்டு முனைகள் என்பதால் மிகச் சிறிய அளவுதான் காட்ட வேண்டும். ராக் 20 மீட்டர் தள்ளி இருந்தால் போக, வர 40 மீட்டர். 2.5 சதுர மில்லி செம்பு வயரில் அது சுமார் 0.3 ஓம். 5 ஆம்பியருக்கு 1.5 வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லி போட்டிருந்தால் 0.6 வோல்ட்தான். போக ஒரு வயரில் மட்டும் அளந்தால் இதில் பாதி. அதற்கு மேல் தெரிவதெல்லாம் லக், ஸ்க்ரூ ஆகியவற்றின் கைங்கரியம்.

கன்சோலில் ஒன்றுமே வரவில்லை, அல்லது கிறுக்கலாக வருகிறது

கிறுக்கல் வந்தால் சந்தோஷப்படுங்கள், கேபிள் சரி, வேகம் மட்டும் தப்பு. 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். அதில் சரியாகவில்லை என்றால் 115200.

எழுத்து வருகிறது, ஆனால் நீங்கள் தட்டுவது போகவில்லை என்றால் டெர்மினல் மென்பொருளில் ஃப்ளோ கன்ட்ரோலை அணையுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கன்சோலும் மேனேஜ்மென்ட் ஈதர்நெட்டும் ஒரே ஆர்ஜே 45 வடிவம், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அரை இருட்டில் எல்லோரும் மாற்றிச் செருகியவர்கள்தான். அப்புறம், ஒரு நிறுவனத்தின் கன்சோல் கேபிள் இன்னொரு நிறுவனத்தின் பெட்டிக்குச் சேராமல் போகலாம். வடிவம் ஒன்று, உள்ளே பின் வரிசை வேறு.

ஃபைபர் போர்ட்டில் லிங்க் வரவில்லை

நேரம் அதிகமாகப் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

மாட்யூலை ஸ்விட்ச் அடையாளம் கண்டுகொண்டதா என்று முதலில் பாருங்கள். சில நிறுவனங்களின் பெட்டிகள் வெளி மாட்யூலைச் செருகினால் போர்ட்டையே முடக்கிவிடும், லாகில் அது எழுதியிருக்கும். 10 ஜி மாட்யூலை 1 ஜி போர்ட்டில் செருகினால் உள்ளே போகும், ஓடாது. 1 ஜி மாட்யூலை 10 ஜி போர்ட்டில் செருகினால் பல பெட்டிகளில் வேகத்தைக் கையால் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்து, மாட்யூல் தானே சொல்லும் ஒளி அளவுகளைப் பாருங்கள். மாட்யூல் விவரம் காட்டும் கட்டளையில் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) என்று டிபிஎம்மில் (ஒளி வலிமையின் அலகு) இருக்கும். இந்த இரண்டு எண்கள் பாதி வேலையை முடித்துவிடும்.

ஆர்எக்ஸ் மைனஸ் 40 என்றோ வெறும் கோடாகவோ இருந்தால் ஒளியே வரவில்லை. பேட்ச் கார்டின் இரண்டு இழைகளையும் ஒரு முனையில் மட்டும் இடம் மாற்றிச் செருகுங்கள். நம் டிஎக்ஸ் அவர்கள் டிஎக்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வழக்கமான காரணம். ஒற்றை இழையில் ஓடும் பைடை மாட்யூல் என்றால் மாற்ற இழை இல்லை. அங்கே இரண்டு முனையிலும் ஒரே வகை மாட்யூல் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் 1270 நானோமீட்டரில் அனுப்பி 1330-ல் வாங்கினால் மறுபக்கம் 1330 அனுப்பி 1270 வாங்க வேண்டும். பிடியின் நிறத்தைப் பார்த்து ஜோடி சேர்க்காதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

ஒளி வருகிறது, ஆனால் குறைவு என்றால் வழியில் எவ்வளவு தொலையலாம் என்று கணக்குப் போடுங்கள். 8 கிலோமீட்டர் லிங்க், 1310 நானோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.35 டிபி: 2.8. நான்கு கனெக்டர், ஆளுக்கு 0.5: 2. ஆறு ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு), 0.1 வீதம்: 0.6. மொத்தம் 5.4 டிபி. மறுபக்கம் மைனஸ் 2 அனுப்பினால் இங்கே மைனஸ் 7.5-ஐ ஒட்டி வர வேண்டும். 10 கிலோமீட்டர் எல்ஆர் மாட்யூல் மைனஸ் 14.4 வரை தாங்கும். நீங்கள் பார்ப்பது மைனஸ் 16 என்றால் எட்டரை டிபி எங்கேயோ ஒழுகுகிறது.

ஒழுகும் இடம் பெரும்பாலும் கனெக்டர் முனை. சிங்கிள் மோட் இழையில் ஒளி போகும் மையப்பகுதி 9 மைக்ரான் அகலம்தான், தலைமுடியில் எட்டில் ஒரு பங்குகூட வராது. சட்டை நுனியில் துடைத்தால் இருந்த தூசியோடு உங்கள் வியர்வையும் சேர்ந்துவிடும். கிளிக் கிளீனர் இருந்தால் இரண்டு கிளிக். இல்லையென்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும். பேட்ச் கார்டை மட்டும் துடைத்துவிட்டு அடாப்டருக்குள் இருக்கும் எதிர் முனையை விட்டுவிட்டால் துடைத்தது வீண். மூடி போட்டு வந்த புதுப் பேட்ச் கார்டையும் துடைத்துவிட்டே செருகுங்கள், அந்த மூடிக்குள்ளும் தூசி இருக்கும்.

துடைத்தும் சரியாகவில்லை என்றால் நிறத்தைப் பாருங்கள். பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலம் நேர். பச்சையை நீலத்தோடு ஒரே அடாப்டரில் செருகினால் போய் உட்காரும், ஆனால் இரண்டு முகங்களும் சேராது, டிபி கணக்கில்லாமல் போகும், முனையும் கீறும். ஓடிஎஃப் (வெளி ஃபைபர் வந்து முடியும் சட்டம்) பச்சையாக இருந்தால் ஒரு முனை பச்சை, ஸ்விட்ச் முனை நீலம் என்று இருக்கும் பேட்ச் கார்டு வேண்டும். சாதா எஸ்எஃப்பி மாட்யூலுக்கு நீலம்தான்.

அதற்கும் மேல் என்றால் எங்கேயாவது இழை மடங்கியிருக்கும். கேபிள் டையை இறுக்கிக் கட்டிய இடம், ராக் கதவு நசுக்கிய இடம். பவர் மீட்டரும் லைட் சோர்சும் இருந்தால் 1310-லும் 1550-லும் அளந்து பாருங்கள். நல்ல இழையில் 1550-ன் இழப்பு குறைவாக இருக்கும். 1550-ல் அதிகமாக வந்தால் மடிப்பு என்று அர்த்தம், ஏனென்றால் மடிப்பில் 1550 முதலில் கசியும். சிவப்பு லைட் பேனாவைக் கொடுத்தால் மடிந்த இடம் மினுங்கும். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து "லைட் வருதா" என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்க அது தெரிய வேண்டியதும் இல்லை.

ஒளி அதிகமாக இருப்பதும் பிழைதான். 80 கிலோமீட்டர் மாட்யூல் இரண்டை ஒரே அறையில் 3 மீட்டர் பேட்ச் கார்டால் இணைத்துச் சோதித்தால் பிளஸ் 2 டிபிஎம் அனுப்பியதை மறுபக்கம் அப்படியே வாங்கும். அது தாங்குவது மைனஸ் 7 வரைக்கும்தான். லிங்க் வராது, சில சமயம் ரிசீவரே போய்விடும். 15 டிபி அட்டெனுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) போட்டுச் சோதியுங்கள்.

இரண்டு பக்கமும் ஒளி சரியாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் லிங்க் காட்டுகிறதா? 1 ஜி ஃபைபரில் ஒரு பக்கம் ஆட்டோ நெகோசியேஷன் (இரண்டு முனையும் தாங்களே பேசி ஒத்துப்போவது) ஆனில், மறுபக்கம் ஆஃபில் இருந்தால் இப்படி நடக்கும். 25 ஜி-யில் எஃப்இசி (பிழை திருத்தும் முறை) அமைப்பு இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். இவற்றைக் கேட்டுச் சரிசெய்ய மறுமுனை ஆளோடு போனில் இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

லிங்க் இருக்கிறது, பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது

கவுன்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். பழைய எண்ணிக்கையைப் பார்த்துப் பதறியவர்கள் நிறையப் பேர்.

மறுபடி ஏறினால், சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்) எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் வாங்குகிற பக்கம். கோளாறு வரும் வழியில், அதாவது அங்கிருந்து இங்கே வரும் இழையிலோ அவர்கள் டிஎக்ஸிலோ இருக்கும். துடைப்பது, பேட்ச் கார்டு, மாட்யூல், கடைசியாகப் போர்ட் என்ற வரிசையில் போங்கள்.

செம்புக் கேபிள் என்றால் வேறு கதை. ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 வந்தால் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடவில்லை. 100-க்கு 1, 2, 3, 6 போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளை வாங்கி 80 மீட்டர் இழுத்திருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கனெக்டர் எல்லாம் சரி, ஆனால் லோடு ஏறும்போது மட்டும் மெதுவாகிறது, ஒரு பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்), மறுபக்கம் சிஆர்சி என்றால் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு வழியுமா, மாறி மாறியா என்பது) பொருந்தவில்லை. ஒருவர் 100 ஃபுல் என்று கையால் பூட்டியிருப்பார், இன்னொருவர் ஆட்டோவில் விட்டிருப்பார். ஆட்டோவுக்கு எதிரே பதில் வராததால் அது ஹாஃபுக்குப் போய்விடும். இரண்டும் ஆட்டோ, அல்லது இரண்டும் பூட்டு.

லிங்க் பச்சை, பிங் போகவில்லை

கேபிள் செருகி 30 வினாடி பொறுத்தீர்களா? பழைய ஸ்பானிங் ட்ரீ (லூப்பைத் தடுக்கும் முறை) கேட்பதற்கு 15, கற்பதற்கு 15 என்று அரை நிமிடம் எடுத்துக்கொண்டுதான் போர்ட்டைத் திறக்கும்.

பொறுத்தும் போகவில்லை என்றால் மேக் டேபிளைப் (எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) பாருங்கள். எதிர்ப் பெட்டியின் மேக் முகவரி அந்தப் போர்ட்டில், அந்த வீலேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) தெரிகிறதா? தெரியவே இல்லை என்றால் பல வீலேன் போகும் டிரங்க்கில் அந்த வீலேனை அனுமதிக்கவில்லை, அல்லது ஒரு பக்கம் டேக் (வீலேன் எண்) போட்டும் மறுபக்கம் போடாமலும் அனுப்புகிறார்கள். வேறு வீலேனில் தெரிந்தால் நேட்டிவ் வீலேன் (டேக் இல்லாமல் போவது) இரண்டு பக்கமும் வேறு. சரியான வீலேனில் தெரிந்தால் இதற்கு மேல் ஐபி, மாஸ்க், கேட்வே. பக்கத்துப் பெட்டியிலிருந்து பிங் போகிறது, என்ஓசி-யிலிருந்து (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) போகவில்லை என்றால் டீஃபால்ட் கேட்வே கொடுக்க மறந்திருப்பீர்கள்.

செருகியதும் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது

எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மின்னினால், கன்சோலில் ஒரு எழுத்து தட்ட ஐந்து வினாடி ஆனால், லூப்: பாக்கெட்டுகள் முடிவில்லாமல் வட்டமடிக்கின்றன. யோசிக்காமல் கடைசியாகச் செருகிய கேபிளைப் பிடுங்குங்கள். அடங்கிய பிறகு லாகைப் படித்தால் ஒரே மேக் முகவரி எந்த இரண்டு போர்ட்டுக்கு நடுவில் தாவியது என்று இருக்கும். வழக்கமான காரணம், ஒரு பக்கம் இரண்டு லிங்க்கையும் சேர்த்து ஒரே குழுவாகக் கட்டியிருப்பார்கள், மறுபக்கம் இன்னும் கட்டியிருக்க மாட்டார்கள். அதனால் ஒரு அப்லிங்க்கை மட்டும் செருகி, இரண்டு முனையிலும் குழு அமைப்பு முடிந்த பிறகு இரண்டாவதைச் செருகுங்கள்.

லூப் இல்லாமலும் இது நடக்கும். ஸ்பானிங் ட்ரீயில் எல்லாப் பெட்டியும் 32768 என்ற அதே முன்னுரிமையோடு வரும். சமமாக இருந்தால் சிறிய மேக் முகவரி உள்ளது ரூட் (தலைமைப் பெட்டி) ஆகிவிடும். சிறிய முகவரி பழைய பெட்டிக்கு வாய்ப்பதுதான் வழக்கம். ஆக, ஸ்டோரில் கிடந்த பழைய ஸ்விட்ச்சைக் கொண்டுபோய் மூலையில் உள்ள ஷெல்டரில் மாட்டினால், அது ஊருக்கே நாட்டாமையாகி எல்லா டிராஃபிக்கையும் தன் வழியாக இழுக்கும். எங்கேயோ ஓடிய பழைய பெட்டி என்றால் கான்ஃபிகை முழுவதும் அழித்து, விடிபி (வீலேன் பட்டியலை மற்ற ஸ்விட்ச்சுகளுக்குப் பரப்பும் முறை) இருந்தால் அதன் ரிவிஷன் எண்ணையும் பூஜ்யமாக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். விடிபி டொமைன் ஒன்றாக இருந்து, பழைய பெட்டியின் எண் பெரியதாக இருந்தால், மற்ற ஸ்விட்ச்சுகளின் வீலேன் பட்டியல் முழுவதும் அதில் இருப்பதாக மாறிவிடும்.

பிங் போகிறது, ஃபைல் போகவில்லை

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. துண்டாக்க வேண்டாம் என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள், தலைப்பு 28 சேர்ந்து 1500. அது போகவில்லை, 1400 போகிறது என்றால் வழியில் ஏதோ ஒரு போர்ட் குறுகலாக இருக்கிறது. ஒவ்வொரு வீலேன் டேக்குக்கும் 4 பைட், ஒவ்வொரு எம்பிஎல்எஸ் லேபிளுக்கும் 4 பைட் கூடும். அப்லிங்க்கில் 9000-த்தை ஒட்டி வைத்துவிட்டால் தலைவலி இல்லை, ஆனால் இரண்டு முனையிலும் வையுங்கள்.

டேட்டா சரி, டவரில் மட்டும் சிங்க் அலாரம்

டிடிடி வகை (ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பி வாங்கும்) எல்டிஇ, 5ஜி டவர்களுக்கு நேரம் பிளஸ் அல்லது மைனஸ் 1.5 மைக்ரோவினாடிக்குள் இருக்க வேண்டும். ஸ்விட்ச்சில் பிடிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தை அனுப்பும் முறை) அமைக்காமல் விட்டால் பாக்கெட் கடந்து போகும், நேரம் வழியில் ஆடும். டொமைன் எண், ப்ரொஃபைல் இரண்டும் மேலே உள்ள பெட்டியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நேரம் ஒரே அளவு தள்ளி நின்றால், போகும் இழையும் வரும் இழையும் நீளத்தில் வேறுபடலாம். ஒரு மீட்டர் இழைக்கு ஒளி 5 நானோவினாடி எடுக்கும். 100 மீட்டர் வித்தியாசம் என்றால் 500 நானோவினாடி, அதில் பாதி, 250, பிழையாகச் சேரும். அந்தத் திருத்தத்தைக் கையால் கொடுக்க இடம் உண்டு.

நேற்று ஓடியது, கரண்ட் போய் வந்ததும் புதுப் பெட்டி மாதிரி நிற்கிறது

சேமிக்கவில்லை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும். அதனால் கிளம்பும் முன் கான்ஃபிகைச் சேமித்துவிட்டு, என்ஓசி-க்குச் சொல்லிவிட்டு, ஒரு தடவை நீங்களே பவரை அணைத்துப் போடுங்கள். பெட்டி எழுந்ததும் ஏ, பி ஃபீடு வோல்டேஜையும் ஒவ்வொரு ஃபைபர் போர்ட்டின் ஆர்எக்ஸ் அளவையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி ராக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அங்கே போகிறவர் மைனஸ் 12 என்று பார்த்தால், முதல் நாளில் அது மைனஸ் 7-ஆ, மைனஸ் 12-ஆ என்று அவருக்குத் தெரிய வேண்டும்.